பன்னிரண்டு அங்குலம்

எனக்குக் கோபம் வந்தால் வாய்க்குப் பூட்டுக் கிடையாது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமுமில்லை. மாத்தளைக்குப் பக்கத்தில், வரக்காமுறையில் எங்கள் தெருவுக்கே தெரிந்த விஷயம்தான். ஆனால் அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் முதலில் வந்தது கோபமில்லை. பயம்தான். என் கணவர் ஹஸீப் கத்தாரிலிருந்து மடியில் வைத்துக் கொண்டுவந்த புதிய கிராஃபிக்ஸ் கார்ட், என் கம்ப்யூட்டருக்குள் போகவில்லை.

நேராக வைத்தேன், முட்டியது. சரித்து வைத்தேன், முட்டியது. கார்டின் வால்பக்கம், பெட்டியின் முன்பக்கத்து உள்சுவரில் பொருத்தியிருந்த காற்றாடியில் போய் இடித்துக்கொண்டு நின்றது. முக்கால் அங்குலம் இடம் போதவில்லை.

"கொஞ்சம் அமத்திப் பாருங்களேன்" என்றேன்.

"இதென்ன சூட்கேஸா, மேல ஏறி இருந்து பூட்டுறதுக்கு?" என்றார் ஹஸீப். சிரிக்கவைக்கத்தான் சொன்னார். ஆனால் அவர் முகத்திலும் சிரிப்பில்லை.

என் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். இன்னும் கட்டாத வீடுகளைக் கட்டி முடித்ததுபோல் கம்ப்யூட்டரில் வரைந்து கொடுப்பேன். வாசலால் நுழைந்து, ஹாலைக் கடந்து, குசினியில் அடுப்புக்கு மேலுள்ள ஜன்னல்வரை நடந்துபோவதுபோல் வீடியோ செய்வேன். அதற்கு வலுவான கம்ப்யூட்டர் வேண்டும். வலுவான கம்ப்யூட்டர் என்றால் கேம் விளையாடுகிறவர்கள் வைத்திருப்பதுதான். என்னுடையதும் அப்படி ஒன்று, பழையதாக வாங்கியது. அரிசி டின் அளவுதான் இருக்கும்; உள்ளே சிவப்பும் நீலமுமாக விளக்கு எரியும். தெருவில் பாதிப் பேர் நான் வீட்டிலிருந்து கேம் விளையாடுகிறேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

சின்னப் பெட்டியாகப் பார்த்து வாங்கியதற்குக் காரணம் என் மதினி. ஹஸீபின் கூடப்பிறந்த ராத்தா, அவரைவிடப் பத்து வயது மூத்தவர், கைறுன்னிஸா என்று பெயர். எங்கள் முன்னறையில் முக்கால்வாசி அவருடைய தையல் மெஷினும் துணி வெட்டும் மேசையும்தான். மிச்ச மூலையில் என் கம்ப்யூட்டர். ஒரே அறையில் ஆறு வருடம். அவர் பாவாடைக்கு விளிம்பு தைப்பார், நான் கூரைக்கு ஓடு போடுவேன். இருவரும் ஒருவருக்கொருவர் முதுகைக் காட்டிக்கொண்டு வேலை செய்ததில் பெரிய சண்டையும் வரவில்லை, பெரிய பாசமும் வரவில்லை.

மதினியின் கணவர் சவூதியில் மவுத்தானவர். அங்கேயே அடக்கிவிட்டார்கள். ஜனாஸாவைக்கூட இவர் பார்க்கவில்லை. பிள்ளைகளும் இல்லை. அதற்குப் பிறகு ஹஸீப் ஒவ்வொரு முறையும் கத்தாருக்குப் போகும்போது மதினி வாசலுக்கு வரமாட்டார். மெஷினில் இருந்தபடியே ஸலாம் சொல்லுவார். கால் மட்டும் மிதித்துக்கொண்டே இருக்கும்.

இந்த முறை ஹஸீப் போகாமலிருக்க ஒரு வழி வந்திருந்தது. கண்டியில் வரைபடம் செய்கிற ஒரு நிறுவனம் வீட்டிலிருந்தே வேலை செய்ய ஒரு ஆள் தேடியது. மாதச் சம்பளம், நிரந்தரம். பலரைக் கழித்து, நானும் குருநாகலில் ஒரு ஆளும் மிச்சமிருந்தோம். கடைசிச் சோதனையாக ஒரு வேலை தந்தார்கள். எங்கள் பக்கத்து நாலந்தாவில் வரப்போகிற ஒரு ஹோட்டலை நாற்பது விநாடி வீடியோவாகச் செய்து வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்குள் அனுப்ப வேண்டும். அது கிடைத்தால் ஹஸீப் மாத்தளையிலேயே ஏதாவது பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். கிடைக்காவிட்டால் கத்தார்தான். புதிய விசா வந்து கையில் இருந்தது. டவுனில் டிக்கெட் போடுகிறவர் ஒரு சீட்டைச் செவ்வாய் மாலைவரை பிடித்து வைத்திருந்தார்.

கம்ப்யூட்டரில் படத்தை ஓட்டுவது கார்ட்தான். என்னிடம் இருந்த பழையது அந்த ஹோட்டலைத் தாங்கவில்லை. பதினோராவது விநாடியில் நீச்சல் குளம் வரும். தண்ணீரில் வெயில் விழுந்ததும் திரை கறுத்துவிடும். ஒரு தடவை இல்லை, ஒன்பது தடவை. தண்ணீரைப் பார்த்தால் செத்துப்போகிற கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அதனால்தான் ஹஸீப் வரும்போது புதிய கார்ட் ஒன்று வாங்கி வருவதென்று முடிவெடுத்தோம்.

கத்தார்க் கடையில் நின்று அவர் அளவு கேட்டுப் போன் எடுத்த அன்று நான் வீட்டில் இல்லை. ஹோட்டல் வரப்போகிற காணியைப் படமெடுக்க நாலந்தாவுக்குப் போயிருந்தேன். அங்கே சிக்னல் இல்லை. அவர் வீட்டுக்கு எடுத்திருக்கிறார். மதினி பெட்டியின் பக்கக் கதவைக் கழற்றி, கழுத்தில் எந்நேரமும் தொங்கும் இஞ்ச் டேப்பை உள்ளே போட்டு அளந்து, "பன்னெண்டு இஞ்ச்" என்று சொல்லியிருக்கிறார். அதை நம்பி ஹஸீப் பதினொன்றே முக்கால் அங்குலக் கார்டை வாங்கிவிட்டார்.

இப்போது நான் அதே டேப்பை இழுத்து அளந்தேன். பின்சுவரிலிருந்து காற்றாடிவரை சரியாகப் பதினொன்று. இன்னொரு தரம் அளந்தேன். பதினொன்றுதான்.

"மதினி!" என்றேன். கத்தினேன் என்று சொல்வதுதான் சரி. "நீங்க எவ்வளவு சொன்னீங்க?"

மதினி மெஷினை நிறுத்தினார். "பன்னெண்டு."

"பதினொண்ணுதான் ஈக்கு. எங்கிருந்து வந்த பன்னெண்டு?"

"ஒண்ணு கூட்டித்தான் சொன்ன. அந்தக் காத்தாடிய..."

ஒன்று கூட்டிச் சொன்னாராம்! எனக்குக் காதுக்குள் குப்பென்று சூடேறியது. சட்டைக்கு அளவெடுத்தால் தையலுக்கென்று ஒரு அங்குலம் கூட்டி வெட்டுவார்கள், அது எனக்கும் தெரியும். அதே பழக்கத்தில் இந்த மனுசி இரும்புப் பெட்டிக்கும் தையலுக்கு விட்டுச் சொல்லியிருக்கிறார்! துணி இழுத்தால் வரும். இரும்பு வருமா? ஏழு வருடப் பாலைவன வேலையிலிருந்து ஒரு மனுசனைக் காப்பாற்ற இருந்த ஒரே சாமானை, பாவாடைக் கணக்கில் வாங்க வைத்திருக்கிறார்.

"றிப்னா, நான் சொல்றத கேளு, அந்தக் காத்தாடி..."

"ஒண்ணும் சொல்ல வேணாம்! தெரியாத வேலையில ஏன் கை வெச்சீங்க?"

"றிப்னா, மெதுவா" என்றார் ஹஸீப்.

மெதுவாக எனக்கு வராது. அப்போது நான் சொன்னதை இன்றைக்கு எழுதவும் கை கூசுகிறது. ஆனால் சொன்னது சொன்னதுதான்.

"உங்களுக்கு ஆம்பள இல்லாத வீட்டுல இருந்து பழகிட்டு. எனக்கும் அப்பிடியே ஆகட்டும்னுதானே பாக்குறீங்க?"

ஹஸீப் என்னைப் பார்த்த பார்வை, முன்பின் தெரியாத ஒருத்தியைப் பார்ப்பதுபோல் இருந்தது. மதினி ஏசவில்லை. அழவுமில்லை. ஊசியில் பாதி கோத்திருந்த நூலை உருவினார், மறுபடி கோத்தார், மறுபடி உருவினார். ஹஸீப் கடைசியில், "ராத்தா, அவ சும்மா..." என்று தொடங்கி, முடிக்கத் தெரியாமல் நிறுத்திக்கொண்டார்.

எல்லை மீறிவிட்டேன் என்று எனக்கே தெரிந்தது. ஆனால் என் சுபாவம் ஒன்று இருக்கிறது. பிழை செய்துவிட்டால் நிற்கத் தெரியாது. அதே வேகத்தில் அடுத்த பிழையையும் செய்துவிட்டுத்தான் உட்காருவேன். அறைக்குள் போய்க் கதவை அடித்துச் சாத்தினேன். போனை எடுத்தேன். கண்டி நிறுவனத்தில் இந்த வேலையைப் பார்க்கிற நிஷாந்திக்கு வாட்ஸ்அப்பில் ஒரு வொய்ஸ் போட்டேன். பதினேழு விநாடி.

"நிஷாந்தி, எனக்கி இது சரிவராது. கம்ப்யூட்டர் சரியில்ல, வெள்ளிக்கிழம தர ஏலாது. என்ட பேர வெட்டிடுங்க. வேற ஆளப் பாருங்க."

அனுப்பியதும் மனசு ஒரு மாதிரி இறங்கியது. தோற்பதாக இருந்தால் நானே தோற்றுக்கொள்கிறேன், யாரும் வந்து சொல்லத் தேவையில்லை என்று ஒரு வீம்பு. அழுதேன். அழுத களைப்பில் தூங்கியும் போனேன். லுஹர் தொழுகைக்குப் பிறகு ஹஸீப் கதவைத் தட்டி, "டவுனுக்குப் போய் டிக்கெட்ட பாத்துட்டு வாறேன்" என்றது அரைத் தூக்கத்தில் கேட்டது. திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

எழும்பும்போது பின்னேரமாகி அஸர் பாங்கு சொல்லிக்கொண்டிருந்தது. முன்னறையிலிருந்து தையல் மெஷின் சத்தம் வரவில்லை. வேறொரு சத்தம் வந்தது. இரும்பில் இரும்பு உரசும் கிறீச், கிறீச். கதவைத் திறந்தேன். அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

துணி வெட்டும் மேசையில் என் கம்ப்யூட்டர் மல்லாந்து கிடந்தது. அதற்கு முகமே இல்லை. முன்பக்கத்துக் கறுப்பு மூடி முழுசாகக் கழன்று, நிலத்தில் ஒரு வெள்ளைச் சீருடைத் துணியின்மேல் கிடந்தது. பக்கத்தில் காற்றாடி. ஊசி குத்தி வைக்கிற பஞ்சு மெத்தையில் நாலு திருகாணிகள் வரிசையாகக் குத்தி நின்றன. மதினி மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, மெஷினுக்கு வைத்திருக்கும் சின்னத் திருப்புளியோடு பெட்டிக்குள் குனிந்திருந்தார்.

"யா அல்லாஹ்! என்ன செய்றீங்க!"

காலையில் நான் சொன்னதற்குப் பழி வாங்குகிறார் என்றுதான் நினைத்தேன். கோபம்கூட வரவில்லை, அவ்வளவு அதிர்ச்சி.

மதினி நிமிரவில்லை. "இங்க வா" என்றார். "இதப் புடி."

காற்றாடியை எடுத்து என் கையில் தந்தார். நான் பிடித்தேன். வேறென்ன செய்ய?

"இந்த முன் மூடி ஒட்டினதில்ல, கொளுவி ஈக்கு. கழட்டினா அந்தப் பக்கம் வெத்து இடம். காத்தாடிய உள்ளுக்கு வெச்சிருந்தாங்க. அத இரும்புக்கு வெளிப்பக்கம் மாத்தினா, உள்ளுக்கு ஒரு இஞ்ச் கிடைக்கும். ஸ்கூல் கவுணுக்கு உள்ள மடிச்சி தைக்கிறல்லயா, பிள்ள வளந்தா பிரிச்சி விட? இதுக்கும் மடிச்சி வெச்சிருக்காங்க. அளக்குற நாளே பாத்துட்டேன். நான் இரும்பு வரைக்கும்தான் அளந்த."

பன்னிரண்டு அங்குலம். இரும்புவரை பன்னிரண்டு அங்குலம். அந்தக் காற்றாடியின் தடிப்புச் சரியாக ஒரு அங்குலம்.

"இத அன்னைக்கே சொல்லியிருந்தா..."

"எத்தன இஞ்ச்னுதான் அவன் கேட்டான். மடிப்பு எவ்வளவுன்னு யாரும் கேக்குறல்ல, அத தைக்கிறவங்க பாத்துக்குவாங்க" என்றார் மதினி. திருப்புளியைத் துடைத்தபடி, "காலையில சொல்லத்தான் வந்தேன்" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். அடித்திருந்தால்கூடத் தேவலை.

இரண்டு பேருமாகக் காற்றாடியை வெளிப்பக்கம் வைத்து முடுக்கினோம். மதினி திருகாணிகளை மெத்தையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துத் தந்தார். மூடியை வைத்து அமத்தினேன், டக்கென்று கொளுவிக்கொண்டது. பிறகு கார்டை எடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு இறக்கினேன். போய் உட்கார்ந்தது. வால்பக்கம் கால் அங்குலம் இடம் மிச்சம்கூட இருந்தது. விரல் நகத்தை அதற்குள் விட்டுப் பார்த்தேன், நம்ப முடியாமல்.

கரண்ட் கொடுத்தேன். சிவப்பும் நீலமும் எரிந்தது. நாலந்தா ஹோட்டலைத் திறந்து ஓடவிட்டேன். வாசல், மண்டபம், படிக்கட்டு. எட்டு, ஒன்பது, பத்து. பதினோராவது விநாடியில் நீச்சல் குளம் வந்தது. தண்ணீரில் வெயில் விழுந்தது. திரை கறுக்கவில்லை. வெயில் தண்ணீரில் ஆடி, அந்த வெளிச்சம் ஹோட்டல் சுவரில் ஏறி அசைந்தது. நான் வரைந்த தண்ணீர்தான், ஆனால் அதை முதல் தடவையாக அப்போதுதான் பார்த்தேன்.

"மாஷா அல்லாஹ்" என்றார் மதினி. பிறகு ஓடினார். அந்த உடம்போடு அவர் ஓடி நான் பார்த்ததில்லை. குசினியில் சார்ஜ் போட்டிருந்த போனை எடுத்து, அங்கிருந்தே கத்தினார்.

"ஹஸீப்! டிக்கெட் எடுக்காதே! சரியாப் போச்சி, உள்ளுக்குப் போச்சி! தண்ணி ஓடுது! வேணாம்னு சொல்லிட்டு வா!"

அந்தச் சத்தத்தில்தான் எனக்கு அந்தப் பதினேழு விநாடி நினைவுக்கு வந்தது.

போனைத் தேடி எடுத்தேன். வொய்ஸுக்குப் பக்கத்தில் இரண்டு நீலச் சரிக்குறி. கேட்டுவிட்டாள். பதில் ஒன்றும் இல்லை. அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அவளுக்குப் போன் எடுத்தேன்.

"நிஷாந்தி, நான் றிப்னா. காலையில போட்ட வொய்ஸ... அத விட்டுடுங்க. இப்ப எல்லாம் சரி. வெள்ளிக்கிழமைக்கு முன்னுக்கே தந்துருவேன்."

"ஐயோ றிப்னா" என்றாள். "பேர வெட்டுங்கன்னு நீங்கதானே சொன்னீங்க? ரெண்டு பேருல ஒருத்தர் விலகிட்டா பொறகு எதுக்கு வெள்ளிக்கிழம வரைக்கும் காத்துக்கிட்டு இருக்கணும்னு எங்க பெரிய சேர் சொல்லிட்டாரு. குருநாகல் ஆள் இன்னைக்கு கண்டியிலதான் நின்னாரு. ரெண்டு மணிக்கு வந்து கையெழுத்துப் போட்டுட்டாரு."

"கையெழுத்தா?"

"உங்க பேருதான் முன்னுக்கு இருந்துச்சு. இத சொல்லக் கூடாது, ஆனா சொல்றேன். ஒருக்கா கேட்டுட்டு போட்டிருக்கலாமே, நேரம் கூட்டித் தாங்கன்னு? ரெண்டு நாள் தந்திருப்போம்."

கட்டிலில் உட்கார்ந்தேன். போன் காதில் இருந்தது, ஆனால் அவள் பிறகு சொன்னது ஒன்றும் ஏறவில்லை. முன்னறையில் மதினி தனக்குத்தானே ஏதோ முணுமுணுத்துக்கொண்டு சீருடைத் துணியை உதறி மடிக்கிற சத்தம் கேட்டது. ஆறு வருடத்தில் அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் கேட்டதில்லை. நான் எழுந்து போய்ச் சொல்ல வேண்டும். கட்டில் விரிப்பின் ஓரத்தை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தேன்.

பொழுது சாய்ந்து, மஃரிபுக்குச் சற்று முன் ஹஸீப் வந்தார். கையில் ரோல்ஸ் பார்சல், கூடவே மதினிக்குப் பிடித்த மஸ்கட் அல்வா. "சீட்ட விட்டாச்சி!" என்றபடி உள்ளே வந்தார். "அந்த மனுசன் ஏசுறான், பிடிச்சி வெச்சி கடைசியில வேணாம்னு சொல்றதான்னு. ஏசட்டும்! எங்க அந்தத் தண்ணி, காட்டு பாப்போம்."

மதினி அவரை இழுத்துக்கொண்டு போய்க் கம்ப்யூட்டர் முன் உட்காரவைத்தார். எங்கே கழற்றினார், எங்கே வைத்தார் என்று டேப்பைப் போட்டு அளந்து காட்டினார். ஹஸீப் சிரித்தார். "ராத்தா, நீங்க கத்தாருக்கு வந்திருந்தா அந்தக் கடையையே வாங்கியிருப்பீங்க." மதினியும் சிரித்தார். சிரித்துக்கொண்டே திரும்பி என்னைப் பார்த்தார். காலையில் நான் சொன்னது அவர் முகத்தில் எங்கேயும் இல்லை. எங்கே ஒளித்து வைத்தாரோ தெரியாது.

"இன்னும் எவ்வளவு நேரத்துல முடிப்பே?" என்று கேட்டார்.

நான் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். காலையில் கதவைச் சாத்தியதும் அனுப்பியது, அவள் கேட்டது, இரண்டு மணிக் கையெழுத்து, என் பேர் முன்னுக்கு இருந்தது. சொல்லச் சொல்ல ஹஸீபின் கையிலிருந்த ரோல்ஸ் அப்படியே நின்றது. கடிக்கவுமில்லை, கீழே வைக்கவுமில்லை.

"இன்னா லில்லாஹி" என்றார் மதினி. மவுத்துச் செய்தி கேட்டால் சொல்வதைத்தான் சொன்னார். "எனக்கி ஏசினது சரி, போகட்டும். இத ஏன் புள்ள அவசரப்பட்டே? இத ஏன்?" அப்போதுதான் அவர் அழுதார். காலையில் அழாதவர். நான் அவரை அப்படியாக்கிவிட்டேன் என்று நினைத்தபோது எனக்கு அந்த வேலை போனதுகூடப் பெரிதாகத் தெரியவில்லை.

ஹஸீப் எழுந்தார். வாசல் படியில் நின்று போன் எடுத்தார். பள்ளிவாசலில் பாங்கு தொடங்கிவிட்டது. அதற்கு மேலாகக் கேட்க அவர் கொஞ்சம் சத்தமாகக் கதைக்க வேண்டியிருந்தது.

"நான் ஹஸீப் கதைக்கிறேன். பின்னேரம் வந்தேனே... ஓ, விட்ட சீட்தான். அது இன்னும் ஈக்குதா?"

கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். "சரி, அப்ப போடுங்க" என்றார்.

திரையில் நாலந்தா ஹோட்டல் தன்பாட்டில் ஓடிக்கொண்டிருந்தது. யாரும் நிறுத்தவில்லை.

ஹஸீப் தொழுதுவிட்டு வந்ததும் மதினி அவரைக் கூப்பிட்டு அறை நடுவில் நிறுத்தினார். முகம் கழுவியிருந்தார். கழுத்திலிருந்த டேப்பை எடுத்துத் தம்பியின் தோளில் வைத்தார். போகிறவருக்கு இரண்டு சட்டை தைக்க வேண்டும் அல்லவா? வழக்கமாக அளவை மதினியே எழுதிக்கொள்வார். அன்றைக்கு அளவுக் கொப்பியையும் பென்சிலையும் என் பக்கம் தள்ளிவிட்டார்.

"தோள் பதினெட்டு" என்றார், என்னைப் பார்க்காமல். "ஒண்ணு கூட்டி எழுது, றிப்னா. வரும்போது கொஞ்சம் பெருத்து வருவான்."

பத்தொன்பது என்று எழுதினேன்.